முப்பத்தாறு படம், முப்பத்தாறு கடன்

பிலிமில் படம் எடுக்கிறேன் எண்டு சொன்னால் முதலில் வருகிற கேள்வி “ஏன்?” என்பதுதான். அடுத்தது, “ரோல் இன்னும் விக்கினமோ?”

இரண்டாவதுக்குப் பதில் சொல்வது சுலபம். விக்கினம். கோடாக்கும் இல்ஃபோர்ட்டும் இன்னும் பிலிம் செய்கின்றன. 2012 ஜனவரியில் கோடாக் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனபோது, பிலிமின் கதை முடிஞ்சுது எண்டுதான் கனபேர் நினைச்சவை. அதற்குப் பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு, 2024இல், பென்டாக்ஸ் நிறுவனம் ‘பென்டாக்ஸ் 17’ எண்டு ஒரு புத்தம்புதுப் பிலிம் கமராவை விற்பனைக்கு விட்டது. ஆக, ஆள் இன்னும் உயிரோடதான் இருக்கிறார்.

முதலாவது கேள்விதான் கஷ்டம். “அந்த நிறம் வடிவு”, “அந்தப் புள்ளி புள்ளியான கிரெய்ன் பிடிக்கும்” எண்டு சொல்லலாம். ஆனா அதையெல்லாம் இப்ப போனில் இருக்கிற ஒரு ஃபில்டரே தரும். “பொறுமையைப் பழக்குது” எண்டும் சொல்லலாம். பொறுமை பழக எங்கட ஊரில் வேறு வழிகள் கனக்க இருக்கு, ஏதாவது ஒரு அலுவலகத்துக்கு ஒரு கையெழுத்துக்காகப் போய் நிண்டால் போதும். நாலு வருசமாக இதைச் செய்த பிறகு என்னிடம் ஒரேயொரு பதில்தான் மிஞ்சியிருக்கு. அதைச் சொல்ல முதல், இந்த வேலை எப்படி நடக்கிறது எண்டு கொஞ்சம் சொல்ல வேணும்.

என்னட்ட இருப்பது மாமாவின் பென்டாக்ஸ் கே1000. 1976 தொடக்கம் 1997 வரை இந்த மொடலைச் செய்தவை. முழுக்க முழுக்க இரும்பும் பல்லுச்சில்லும். ஒரு சின்னப் பட்டன் பற்றரி போடலாம், அதுவும் வெளிச்சத்தை அளக்கிற முள்ளுக்கு மட்டும்தான். பற்றரி செத்தாலும் கமரா வேலை செய்யும். மாமா இதைப் பெருமையாகச் சொல்லுவார்: “தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வர விடேல்ல. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோ கேட்டனாங்கள். இவர் மட்டும் ஒரு பற்றரியும் கேக்கேல்ல.”

முள் இல்லாமல் வெளிச்சத்தை எப்படி மதிப்பிடுவது எண்டும் அவர்தான் காட்டித் தந்தவர். நல்ல வெயிலில் லென்ஸின் துவாரத்தை 16இல் வைக்க வேணும். பிலிமின் வேகம் 400 எண்டால் ஷட்டரை அதுக்குக் கிட்ட உள்ள 500இல் வைக்க வேணும். அவ்வளவுதான். எங்கட பங்குனி வெயிலுக்கு இந்தக் கணக்குப் பிழைக்கிறதே இல்லை.

ஒரு ரோலில் 36 படம். ஒவ்வொண்டும் 24க்கு 36 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஒரு பெரிய முத்திரை அளவு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 தாண்டிப் போனபோது, வெளியால இருந்து வாற எல்லாச் சாமானையும் போல ரோலின் விலையும் ஏறினது, பேந்து வடிவா இறங்கவே இல்லை. ரோல், கழுவுகிற காசு, பிரிண்ட் எல்லாம் சேர்த்துப் பிரிச்சுப் பார்த்தால் ஒரு கிளிக்குக்கு மூண்டு பிளேன்ரீக் காசு போகுது. அதனால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டியாக வாங்கிப் பங்கு போடுகிறம். எங்கட வீட்டுப் பிரிட்ஜில் கறிவேப்பிலைக்கும் தயிருக்கும் நடுவில் இருப்பது அந்த ரோல்கள்தான். அம்மா இப்ப கேள்வி கேக்கிறதை விட்டுட்டா.

கலர் ரோலை யாரும் கொழும்புக்குப் போனால் குடுத்துவிடுகிறம். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுகிறம். புத்தகத்தில் 20 பாகை எண்டு இருக்கும். இல்ஃபோர்ட் எச்பி5 பிலிமை ஐடி-11 டெவலப்பரில் 20 பாகையில் ஏழரை நிமிடம் கழுவ வேணும். எங்கட தாங்கித் தண்ணி 30 பாகையில் நிக்கும். சூடு கூடக் கூட நேரம் குறைய வேணும், ஆனா நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழ் போனால் படம் திட்டுத்திட்டாக வரப் பார்க்கும். அதனால் ஒரு பேசினில் ஐஸ் போட்டு, போத்தல்களை அதுக்குள் இறக்கி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பம். இது ஒரு பிரச்சினை. அடுத்தது தண்ணி. யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியில் சுண்ணாம்பு கூட, அப்படியே காய விட்டால் நெகட்டிவ் முழுக்க வெள்ளைப் புள்ளி. கடைசி அலசலுக்கு வாகனப் பற்றரிக்கு ஊத்துகிற வடிச்ச தண்ணியைத்தான் பாவிக்கிறம்.

ஃபிக்ஸர் எண்ட திரவம் வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். பாவிச்ச ஃபிக்ஸரை நிலத்தில் ஊத்தவே கூடாது. இது ஆறு இல்லாத ஊர். எல்லாருக்கும் கீழே இருப்பது ஒரே சுண்ணாம்புக்கல்லும் அதுக்குள் நிக்கிற தண்ணியும்தான். ஒரு கானில் சேர்த்துவைத்து, கலர் ரோல் போகும்போது கொழும்பு லாப் ஒண்டுக்கு அதையும் குடுத்துவிடுகிறம்.

இப்ப விசயத்துக்கு வாறன்.

போனில் ஒராளைப் படம் எடுத்தால் என்ன செய்வம்? உடனே திருப்பிக் காட்டுவம். அவர் பார்ப்பார், சிரிப்பார், “நல்லா இருக்கு” எண்டுவார். கணக்கு அங்கேயே முடிஞ்சுது. பிலிம் கமராவில் திருப்பிக் காட்ட ஒண்டும் இல்லை. பின்பக்கம் வெறும் கறுப்பு மூடி. எடுக்கப்பட்டவர் “எங்க, காட்டும் பாப்பம்” எண்டு கேட்டால், “இப்ப பார்க்கேலாது, கழுவின பிறகு கொண்டு வந்து தாறன்” எண்டுதான் சொல்லலாம். அந்த ‘தாறன்’ ஒரு வாக்கு. ஒரு ரோல் முடியும்போது கையில் 36 படம் இருக்கும், அதில் ஆக்கள் இருக்கிற படம் எல்லாம் எனக்குக் கடன்.

இந்தக் கடனை எனக்கு முதலில் விளங்கப்படுத்தினது திருநெல்வேலிச் சந்தையில் கீரையும் முருங்கைக்காயும் விக்கிற ஒரு ஆச்சி. கமராவைக் கண்டதும் சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கேட்டா, “தம்பி, எடுக்கிறதெண்டால் வடிவா எடு. கல்வெட்டுக்குப் போடலாம்.”

எங்கட ஊரில் செத்தவீடு நடந்து முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவு மலரைத்தான் ஆச்சி சொன்னது. முன் அட்டையில் செத்தவரின் படம், கீழே தோற்றம், மறைவு. அந்த மலர் அடிக்கிற வீடுகளில் என்ன நடக்கும் எண்டு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆள் போய் ரெண்டாம் நாள் தொடங்கி வீடு முழுக்கப் படம் தேடுவினம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருப்பினம். கடைசியில் யாரோ ஒருவரின் கலியாணவீட்டுப் படத்தில் மூண்டாம் வரிசையில் நிண்ட முகத்தை வெட்டி எடுத்து, பின்னால் நீல மேகம் போட்டு அச்சடிப்பினம். ஒரு மனிசன் எண்பது வருசம் இருந்திருப்பார், அவருக்கெண்டு ஒரு படம் இருக்காது.

ஆச்சி அதைத் தெரிஞ்சுதான் கேட்டா. ரெண்டு கிழமை கழிச்சு நாலுக்கு ஆறு அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தன். ஈரக் கையைச் சீலையில் துடைச்சுப்போட்டு, ஓரத்தில் பிடிச்சுப் பார்த்தா. “நான் இவ்வளவு கிழவியோ?” எண்டு பக்கத்துக் கடைக்காரியிடம் காட்டினா. பேந்து, “இன்னொண்டு கிடைக்குமோ? கனடாவில மகள் இருக்கிறாள்” எண்டா. இன்னொண்டும் போட்டுக் குடுத்தன். அந்தப் படம் இப்ப ரெண்டு கண்டத்தில் இருக்கு. ஆச்சியும் இருக்கிறா, கீரை வாங்கப் போனால் ஒரு பிடி கூடத் தாறா.

நாங்கள் படம் திருப்பிக் குடுக்கிற ஆக்கள் எண்டு தெரிய வந்த பிறகு, வேறு மாதிரிக் கேள்விகளும் வரத் தொடங்கின. எங்கட ஒழுங்கையில் இருக்கிற ஒரு அம்மா ஒருநாள் பழைய வங்கிப் புத்தகம் ஒண்டை விரிச்சு, அதுக்குள் இருந்த ஒரு படத்தைக் காட்டினா. அடையாள அட்டைக்கு எடுத்த அளவு. ஒரு மூலை கிழிஞ்சு, நடுவில் மடிப்பு விழுந்திருந்தது. “இதைப் பாத்து எடுத்து இன்னும் ரெண்டு மூண்டு ஆக்கித் தருவியோ தம்பி? இது ஒண்டுதான் இருக்கு.” அது அவவின் மகன். 2009க்குப் பிறகு வீட்டுக்கு வரேல்ல.

யன்னலடியில் மேசையைப் போட்டு, நேர் வெயில் படாமல், ஒரு கண்ணாடியால் அந்தப் படத்தை அமத்திக் கறுப்பு வெள்ளை ரோலில் ரெண்டு தரம் எடுத்தன். போனிலும் எடுத்தன். எடுக்கும்போது அந்த அம்மா சொன்ன ஒரே கதை, “பேஸ்புக்கில போடாத, என்ன” எண்டதுதான். போடேல்ல. மூண்டு பிரிண்ட் குடுத்தன். “ஒண்டை நீங்கள் வையுங்கோ. ஒண்டை மகளிட்ட குடுங்கோ. மற்றதை வேற ஊரில இருக்கிற ஆரிட்டயும் குடுங்கோ” எண்டு சொன்னன். ஏன் வேற ஊர் எண்டு அவ கேட்கேல்ல. ஒருக்கா இடம்பெயர்ந்த ஆக்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் எல்லாம் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அம்மம்மா கொண்டுபோனது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கொஞ்ச நகை. அல்பம் பாரம். அதனால் படங்களை உருவி எடுத்து உறுதிக் கடுதாசிகளுக்கு நடுவில் வைச்சவ. எல்லாத்தையும் உருவ நேரம் இருக்கேல்ல. திரும்பி வந்தபோது வீட்டில் அல்பமும் இல்லை. இண்டைக்கு எங்கட வீட்டில் அம்மாவின் பள்ளிக்கூடக் காலத்துப் படம் ரெண்டுதான் இருக்கு. அதில் ஒண்டு எங்கட படமே இல்லை. அந்தக் காலத்தில் அம்மாவோட படிச்ச ஒராளுக்குக் குடுத்த பிரதி. அவ லண்டனில் அதைப் பத்திரமாக வைச்சிருந்து, 2000ஆம் ஆண்டுகளில் திருப்பி அனுப்பினவ. வீட்டில் பூட்டி வைச்சது போட்டுது, குடுத்தது திரும்பி வந்தது.

2017 பெப்ரவரி 20 கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கின போராட்டத்தில் அம்மாமார் கையில் வைச்சிருக்கிற படங்களைக் கவனிச்சுப் பாருங்கோ. கனக்கப் படங்கள் சின்னதிலிருந்து பெரிசாக்கினது, முகம் மங்கிப் போய் இருக்கும். சிலதில் தோள் பக்கத்தில் வேறு யாருடையதோ ஒரு கை தெரியும், கூட்டத்தில் இருந்து வெட்டி எடுத்ததால் வந்தது. மழைக்கும் வெயிலுக்கும் தாங்கத்தான் லமினேட் பண்ணியிருக்கினம். ஒரு பிள்ளை இருந்தான் எண்டதுக்கு அந்தத் துண்டு ஒரு சாட்சி. அதை முதலில் எடுத்தது யாரோ ஒரு ஸ்ரூடியோக்காரர். அஞ்சு நிமிச வேலை எண்டுதான் அவர் நினைச்சிருப்பார்.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் பெரிய படப்பிடிப்பாளர்களின் கதைகளும் வேறு மாதிரித் தெரியுது. கொழும்பில் வாழ்ந்த லயனல் வென்ட் (1900–1944) இந்த நாட்டில் பிறந்த ஆகப்பெரிய படப்பிடிப்பாளர் எண்டு சொன்னால் அதிகம் பேர் மறுக்க மாட்டினம். சட்டம் படிச்சவர், பியானோ வாசிச்சவர், ’43 குழுவை ஆரம்பிச்ச ஓவியர்களோட நிண்டவர். அவர் செத்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. 1950இல் அவருடைய படங்கள் புத்தகமாக வந்ததும், இண்டைக்கும் நாங்கள் அவற்றைப் பார்ப்பதும், அவர் காலத்துப் பிரிண்டுகள் மிஞ்சினதால்தான்.

மற்றப் பக்கம் விவியன் மையர். சிக்காகோவில் பிள்ளை பார்க்கிற வேலை செய்துகொண்டு, ஒரு லட்சத்துக்கு மேல் நெகட்டிவ் எடுத்து வைச்சவ. கிட்டத்தட்ட ஒருவருக்கும் காட்டேல்ல. வாடகை கட்டாமல் கிடந்த அவவின் பெட்டிகள் 2007இல் ஏலத்தில் போனபோதுதான் படங்கள் வெளியில் வந்தன. அதில் நூற்றுக்கணக்கான ரோல்கள் கழுவப்படாமலே கிடந்தன. 2009இல் அவ செத்துப்போனா. இப்ப உலகம் முழுக்கக் கண்காட்சி நடக்குது. ஆனா அந்தத் தெருக்களில் அவவுக்கு முகம் குடுத்த ஆக்களுக்கு அந்தப் படங்கள் கிடைச்சிருக்காது.

எங்களுக்கு இன்னும் கிட்டவான ஒரு கதையும் இருக்கு. விக்ரோறியா காலத்துப் பிரபல படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் கணவரோட இலங்கைக்கு வந்தவ. 1879இல் இங்கேயே இறந்தவ, பொகவந்தலாவையில் கல்லறை இருக்கு. அவ களுத்துறையில் எடுத்த படங்களில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கு, தோட்டத் தொழிலாளர்களும் அதில் இருக்கினம். படம் எடுத்தவவின் பெயர் எல்லா அருங்காட்சியகத்திலும் இருக்கு. படத்தில் நிண்ட ஆக்களின் பெயர் அனேகமாக எங்கும் இல்லை. அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒளி நிழல் ஒண்டும் ஓடாது. இவையின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இப்ப எந்த லயத்தில் இருக்கினமோ, இப்படி ஒரு படம் இருக்குது எண்டு அவைக்குத் தெரியுமோ எண்டுதான் யோசனை வரும்.

இதால நாங்கள் நாலு பேரும் சில ஒழுங்குகளை வைச்சிருக்கிறம். பெரிய சட்டம் ஒண்டும் இல்லை.

ஒராளை எடுத்தால் பெயரைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுவம், எத்தினையாம் நம்பர் படம் எண்டும் சேர்த்து. பிரிண்ட் முதலில் அவருக்கு, இன்ஸ்டகிராம் பிறகு. “போடலாமோ?” எண்டு படத்தைக் கையில் குடுத்த பிறகுதான் கேட்பம். படம் எப்படி வந்திருக்கு எண்டு தெரியாமல் ஒருவர் சொல்லுகிற ஓம், ஓம் இல்லை. வேண்டாம் எண்டு சொன்னவையும் இருக்கினம். அந்தப் படங்கள் கொப்பியிலும் அவையின் வீட்டிலும் மட்டும் இருக்கு. எங்கட நல்ல படங்களில் மூண்டு நாலு அப்படித்தான் ஒருவரும் காணாமல் கிடக்கு, பரவாயில்லை.

பிரிண்டின் பின்பக்கத்தில் பெயர், இடம், திகதி எழுதுவம். போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தழும்பு விழும், மெல்லிய மார்க்கரால் ஓரத்தில் எழுத வேணும். நெகட்டிவ்களை உறையில் போட்டு, மூடி இறுக்கமான தகரப் பெட்டியில் சிலிக்கா பைக்கற்றுகளோட வைக்கிறம். எங்கட மாரிக்காலத்து ஈரத்துக்கு லென்ஸிலேயே பூஞ்சணம் பிடிக்கும், நெகட்டிவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாதக் கடைசியில் நாலு பேரும் சந்திச்சு, ஆளுக்கு மூண்டு பிரிண்ட் போட்டு மற்ற மூண்டு பேருக்கும் குடுப்பம். ரீயும் வடையும் அதோட. என்னுடைய வீட்டில் ஏதும் நடந்தாலும் என்னுடைய படங்களில் கொஞ்சம் மூண்டு வீட்டில் இருக்கும்.

இதையெல்லாம் போனில் எடுத்தும் செய்யலாமே எண்டு நீங்கள் கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். உண்மையில் நெகட்டிவை நாங்களும் ஸ்கான் பண்ணித்தான் பிரிண்ட் போடுகிறம், அந்த இடத்தில் எங்கட வேலையும் டிஜிற்றல்தான். போனில் நாலாயிரம் படம் இருக்கிற ஒராள் நாளைக்கே போய் அதில் பத்தைப் பிரிண்ட் போட்டு, பின்னால் பெயர் எழுதி, உரியவர் கையில் குடுத்தால் அவர் எங்களைவிடக் குறைஞ்சவர் இல்லை. எனக்குப் பிலிம் தேவைப்படுவது, அது இந்தக் கடனை மறக்க விடாததால். படத்தைக் கையில் குடுக்கிறதைத் தவிர அதைக் காட்ட வேறு குறுக்குவழி இல்லை. ‘ஏன் பிலிம்?’ எண்டு கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

போன மாதம் கழுவின ரோலில் 36இல் ஆக்கள் இருக்கிறது 21. அதில் 17 குடுத்தாச்சு. மிச்சம் நாலில் ரெண்டு குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக் கயிறு எறிகிற ஒரு அண்ணாவுடையது, ஒண்டு அதே துறையில் கச்சான் விக்கிற அக்காவுடையது, மற்றது நயினாதீவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சின்னப் பெடியன். அவனுடைய பெயரும் பள்ளிக்கூடமும் கொப்பியில் இருக்கு. சனிக்கிழமை காலமை 776 பஸ்ஸில் போகலாம் எண்டு இருக்கிறம், பிரிண்டுகளை நனையாமல் பொலித்தீனில் சுத்தியாச்சு.